அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த நெசவாளி

ஆங்கில அகராதியில் 'மெட்ராஸ்' என்ற சொல்லை, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடாமல் தேடிப் பாருங்க. ஊர் வராது, துணிதான் வரும். கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி. ஊர் பேரை 1996-ல் சென்னைன்னு மாத்திட்டோம், துணி மட்டும் இன்னும் மெட்ராஸாவே இருக்கு. இதுல ஒரு சோகமான தமாஷ் என்னன்னா, அதே 1996-லதான் இந்த ஊரோட மிகப் பெரிய துணி ஆலையான பின்னி மில்லையும் (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்) ஒரேயடியா இழுத்து மூடினாங்க.

சென்னைன்னா இன்னைக்கு ஐ.டி., கார் கம்பெனி, ஆஸ்பத்திரி, சினிமா. ஆனா இந்த ஊர் பொறந்ததே துணிக்காகத்தான். ஜார்ஜ் கோட்டைகூட முதலில் துணி மூட்டையைப் பத்திரமா வைக்கக் கட்டின கிடங்குக்குச் சுத்திப் போட்ட சுவர்தான்னு சொன்னா அது ரொம்ப மிகையில்லை.

நான் அசோக் நகர்வாசி. பொழப்பு பொட்டி தட்டறது. எஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷத்துல சரித்திரத்துக்குன்னு ஒரு பீரியட்கூட கிடையாது. அதனால ஜவுளி வியாபாரத்தோட முழு வரலாறையும் எழுதுற உத்தேசம் இல்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில பிடிச்சுகிட்டு முந்நூத்தி எண்பது வருஷத்தை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கப் போறேன். கேள்வி இதுதான்: "உன் வேலை எனக்கு வேணாம், இந்தா உன் பணம்"னு சொல்லிட்டுக் கிளம்ப யாரால முடிஞ்சுது?

இருபது சதவீதம் தள்ளுபடி

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கரையில மசூலிப்பட்டணத்திலும், அதுக்குத் தெற்கே ஆர்மகான்னு அவங்க கூப்பிட்ட துர்கராயப்பட்டணத்திலும் கிடங்கு இருந்துச்சு. அவங்களுக்கு எதுக்கு நம்ம துணி? இங்கிலாந்துல விக்கறதுக்கு மட்டும் இல்லை. ஜாவா பக்கத்துத் தீவுகள்ல மிளகும் கிராம்பும் வாங்கணும்னா, அந்த ஊர்க்காரங்க கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. இங்கே துணி வாங்கு, அங்கே கொடுத்து மிளகு வாங்கு, அதை லண்டன்ல வித்துக் காசாக்கு. இதுதான் பிசினஸ் மாடல்.

அந்த வருஷம் ஆர்மகான்ல இருந்த பிரான்சிஸ் டே தெற்கே கிளம்பி வந்தார். ஜூலை வாக்கில், அதாவது நம்ம கணக்குல ஆடி மாசம் :-) தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் பேசி மதராசபட்டணத்துல இடம் வாங்கினார். சாசனத் தேதி 1639 ஆகஸ்ட் 22. இன்னைக்கு 'மெட்ராஸ் டே' கொண்டாடுறோமே, அதே நாள்தான்.

கப்பல் நிறுத்த இதைவிட மோசமான இடம் கிடைக்காது. துறைமுகம் கிடையாது, சரியான முகத்துவாரம் கிடையாது. கப்பல் கடல்லயே தூரமா நிக்கணும், மசூலா படகுல சாமானை ஏத்தி அலையோட மல்லுக்கட்டிக் கரைக்குக் கொண்டு வரணும். அப்புறம் ஏன் இந்த இடம்? டேயும், மசூலிப்பட்டணத்துல அவருக்கு மேலே இருந்த ஆண்ட்ரூ கோகனும் மேலிடத்துக்குச் சொன்ன காரணம் சிம்பிள்: இந்தப் பக்கத்துல 'லாங் கிளாத்'தும் சித்திரத் துணியும் மத்த இடங்களைவிட இருபது சதவீதம் மலிவு.

சரி, இடம் வாங்கியாச்சு. நெசவாளி வரணுமே? காஞ்சிபுரத்துப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் தறி போட்டு உட்கார்ந்திருக்கிறவன் எதுக்கு இந்த மணல்மேட்டுக்கு வருவான்? அதனால ஒரு அறிவிப்பு வந்துச்சு. முப்பது வருஷத்துக்கு, இந்த ஊர்ல குடியேறுறவங்க உண்கிற, குடிக்கிற, உடுத்துற பொருள் எதுக்கும் சுங்கம் கிடையாது. அதுக்கப்புறம்தான் நெசவாளர்களும் துணியில சித்திரம் தீட்டுறவங்களுமா முந்நூறு நானூறு குடும்பங்கள் வந்து சேர்ந்தாங்க.

கவனிங்க. கோட்டையும் பீரங்கியும் வச்சிருந்தவன் நெசவாளியைக் கையைப் பிடிச்சு இழுத்துகிட்டு வரலை. 'முப்பது வருஷம் வரிவிலக்கு, வாங்க வாங்க'ன்னு அழைச்சான். இன்னைக்கு நம்ம அரசாங்கங்கள் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கிற சலுகையை அன்னைக்கு வெளிநாட்டுக் கம்பெனி நம்ம நெசவாளிக்குக் கொடுத்துச்சு!

அட்வான்ஸ் யாருக்குக் கயிறு?

வேலை நடந்த விதம் இப்படி. கப்பல் வர்ற மாசம் தெரியும், எவ்வளவு மூட்டை வேணும்னு லண்டன்லேருந்து பட்டியல் வரும். கம்பெனி தலைமை வியாபாரிகிட்ட பணம் கொடுக்கும். 1680-ல் இறந்த காசி வீரண்ணா அப்படிப்பட்ட ஒரு பெரிய புள்ளி. அவர் சின்ன வியாபாரிங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பார். அவங்க கிராமம் கிராமமா நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பாங்க. நெசவாளி அந்தப் பணத்துல நூல் வாங்குவார், வீட்டுக்கு அரிசி வாங்குவார், தறியில உட்காருவார்.

துணியின் தரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பேர் புஞ்சம். ஒரு புஞ்சம்னா பாவுல 120 இழை. 14 புஞ்சம்னா 1,680 இழை, 18 புஞ்சம்னா 2,160 இழை. அகலம் அதேதான், இழை கூடக் கூடத் துணி நெருக்கமா, உசத்தியா வரும். பஞ்சு விலை ஏறிப்போச்சு, ஆனா பேசின விலையை வியாபாரி ஏத்தித் தரலைன்னா நெசவாளி என்ன செய்வார்? சத்தமில்லாம ஒரு புஞ்சத்தைக் குறைச்சுடுவார். 120 இழை அவுட். கண்ணால பார்த்தா சட்டுன்னு தெரியாது. கம்பெனிக் கடிதங்கள்ல 'துணி மெலிசா வருது'ங்கிற புலம்பல் பக்கம் பக்கமா இருக்கு.

பொதுவா நம்ம மனசுல ஒரு படம் இருக்கும்: அட்வான்ஸ் வாங்கினவன் மாட்டிகிட்டான், கடனாளி, அடிமை. பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் 18-ம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பத்தி 2001-ல் வெளியிட்ட புத்தகம் இந்தப் படத்தைத் தலைகீழாப் புரட்டிப் போடுது. அவர் காட்டுற ஏற்பாட்டுல, நெசவாளி நினைச்சா ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா போதும், கதை முடிஞ்சுது. டச்சுக்காரனோ பிரெஞ்சுக்காரனோ ஒரு பணம் கூடக் கொடுத்தா அங்கே போகலாம். ஆனா முன்பணம் கொடுத்த வியாபாரி நினைச்ச மாதிரி பின்வாங்க முடியாது, நெய்த துணியை எடுத்துகிட்டே ஆகணும்.

அதாவது எக்ஸிட் கிளாஸ் ஒரு பக்கம்தான். நெசவாளி பக்கம்!

நம்ம ஐ.டி. மக்கள் இதைப் படிச்சா கண்ணு கலங்கும். நான் முதல் வேலையில சேர்ந்தப்போ ரெண்டு வருஷம் பாண்ட், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் அவங்க பீரோவுல. (எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. உங்களுக்கும் ஒண்ணு இருந்திருக்கும்.) அடுத்த வேலையில தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட். புதுக் கம்பெனி 'பை-அவுட்' காசு தரத் தயாரா இருந்தும், 'பணம் வேணாம், ஆளுதான் வேணும், தொண்ணூறு நாளும் உட்காரு'ன்னுட்டாங்க. 1700-ல் பரங்கிமலைப் பக்கம் தறி ஓட்டின நெசவாளி இந்த நிபந்தனையைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்.

ஏன் அப்படி முடிஞ்சுது? ஒரு காரணம் போட்டி. ஆங்கிலேயர், டச்சு, பிரெஞ்சு, டேனிஷ் எல்லாரும் ஒரே கரையில ஒரே துணிக்கு நிக்கறாங்க, உள்நாட்டு வியாபாரிகளும் இருக்காங்க. ரெண்டாவது காரணம்தான் முக்கியம். நெசவாளி ஓடிட்டா பிடிச்சுக் கொண்டுவந்து கொடுக்க எந்த ராஜாவும் தயாரா இல்லை. ராஜாக்களே நெசவாளிகளைத் தங்கள் ஊருக்கு இழுக்கப் போட்டி போட்டாங்க. வியாபாரிகிட்ட பணம் இருந்துச்சு, தடி இல்லை. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

பொற்காலம்னு நான் சொல்லலை. நூல் நூத்ததெல்லாம் பெரும்பாலும் பெண்கள். அவங்களுக்கு அட்வான்ஸும் கிடையாது, பேரம் பேசுற பலமும் கிடையாது. பஞ்சம் வந்தா நெசவாளியும் செத்தார். ஆனா கிளம்பிப் போற உரிமை இருந்துச்சு. அது சின்ன விஷயம் இல்லை.

1680: மாட்டு மேலேருந்து துணியை இறக்கின கதை

ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் கவர்னரா இருந்தப்போ, 1680-ல், துணியில சித்திரம் தீட்டுறவங்களுக்கும் கம்பெனிக்கும் தகராறு. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கோட்டை வாசல்ல நின்னு கோஷம் போடலை. மூட்டை முடிச்சைக் கட்டிகிட்டு சாந்தோமுக்குப் போய்ட்டாங்க. சாந்தோம் அப்போ கம்பெனி ஊர் இல்லை, கை எட்டாது.

அங்கேருந்து ஊருக்குள்ள இருக்கிற மத்த சாதிக்காரங்களுக்கும் கம்பெனி வேலையாட்களுக்கும் ஓலை அனுப்பினாங்க: துபாஷிங்க, கூலிங்க, பியூன்கள், கட்டுமரக்காரங்க எல்லாரும் வெளியே வாங்க. வரலைன்னா கொன்னுடுவோம்னு மிரட்டலும் உண்டு. ஊருக்கு வர்ற தானியத்தையும் சரக்கையும் வழியில மறிச்சாங்க, மாட்டு மேல ஏத்தி வந்த துணி மூட்டையை இழுத்துக் கீழே போட்டாங்க. எல்லாம் கோட்டையோட ஆலோசனைக் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கு. பெரம்பூர்ல தொழிற்சங்கம் வர்றதுக்கு 238 வருஷம் முன்னாடி!

மிரட்டல் எல்லாம் நியாயம்னு நான் வக்காலத்து வாங்க வரலை. ஆனா ஊரைவிட்டுப் போறதுதான் அன்னைக்கு இருந்த பெரிய ஆயுதம். தொழில் கையில இருக்கு, ஊர் எதுவா இருந்தா என்ன?

சின்னத் தறிப் பேட்டை

வெளியூர் நெசவாளியை நம்பி மாளாதுன்னு கம்பெனி அடுத்து யோசிச்ச வழி: ஆட்களைக் கண்ணு முன்னாடியே குடியேத்து. 1717 முதல் 1720 வரை கவர்னரா இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர் பக்கம் நெசவாளர் குடியிருப்பு ஒண்ணு அமைச்சார். காலெட் பேட்டை நம்ம வாயில புகுந்து காலடிப்பேட்டை ஆச்சு. வண்ணாரப்பேட்டையும் இந்தக் குடும்பம்தான். வீட்டு அழுக்குத் துணி வெளுக்கிற இடம்னு நினைக்காதீங்க. கப்பலேறப் போற பழுப்புத் துணியை வெளுத்து வெள்ளையாக்குற பெரிய தொழில் அது.

1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட், கூவம் ஆறு வளைஞ்சு ஓடுற இடத்துல, சுங்குராம செட்டியின் தோட்டமா இருந்த நிலத்துல புது ஊர் போட்டார். நூல் நூக்கிறவங்க, நெசவாளிகள், சித்திரம் தீட்டுறவங்க, வெளுக்கிறவங்க, சாயம் போடுறவங்க, கூடவே கோயில் வேலைக்காரங்க. இவங்களுக்குத்தான் அங்கே இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனதா சொல்றாங்க. ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல இன்னும் இருக்கு. தறிச் சத்தம்தான் இல்லை.

1734-ல்கூட வீட்டு மனை கொடுத்து, கோயில் கட்ட விட்டு, ஆசை காட்டித்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்துச்சு. தடி இன்னும் கைக்கு வரலை.

வியாபாரியே ராஜாவானா?

வந்துச்சு. 1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீரா கம்பெனிக்குக் கொடுத்தார். அடுத்த மூணு நாலு வருஷத்துல வடசர்க்கார் மாவட்டங்களும் கம்பெனி கைக்குப் போச்சு. பிரெஞ்சுக்காரங்க 1761-ல் பாண்டிச்சேரியை இழந்து ஏற்கனவே ஓய்ஞ்சிருந்தாங்க. இப்போ துணி வாங்குறவனும் அவனே, வரி வாங்குறவனும் அவனே, வழக்கு விசாரிக்கிறவனும் அவனே.

கணக்கு மாற இது போதும். நடுவுல இருந்த வியாபாரிகளை ஒதுக்கிட்டு கம்பெனி தன்னோட குமாஸ்தாக்களை நேரா நெசவாளர் ஊருக்கு அனுப்புச்சு. கம்பெனி பணம் வாங்கினவர் அதை முடிக்காம வேற யாருக்கும் நெய்யக் கூடாது. தறி எத்தனை, ஆள் எத்தனைன்னு பட்டியல். வாசல்ல பியூன், அவனுக்குப் படி நெசவாளி தலையில. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்புற வழி அடைபட்டுச்சு. ஒரு காலத்துல நெசவாளிக்குப் பலமா இருந்த அதே அட்வான்ஸ் இப்போ அவர் காலுக்குக் கயிறு. பணம் அதே பணம்தான். அதைக் கொடுத்தவன் கையில தடி வந்ததுதான் வித்தியாசம்.

அதுக்கு மேல 1780-ல் ஹைதர் அலி படையெடுப்பு. செங்கல்பட்டுச் சீமை கருகிப் போச்சு, பின்னாலேயே பஞ்சம். கிளம்பிப் போகவும் ஊர் இல்லை.

இங்கிலாந்துல வேற ஒரு வேலை நடந்துகிட்டு இருந்துச்சு. இந்தியத் துணி அங்கே சக்கைப்போடு போட்டதுல லண்டன் நெசவாளர்களுக்கு வயித்தெரிச்சல். 1719-ல் இந்தியச் சித்திரத் துணி உடுத்தின பொம்பளைங்க மேல தெருவுல மையையும் அமிலத்தையும் ஊத்தினாங்க. 1700-ல் ஒரு தடைச் சட்டம், 1721-ல் அதைவிடக் கடுமையா இன்னொண்ணு. அந்தத் தடைச் சுவருக்குப் பின்னாலதான் அவங்க பருத்தித் தொழில் வளர்ந்துச்சு. அப்புறம் ஆர்க்ரைட்டும் கிராம்ப்டனும் கொண்டு வந்த நூற்பு இயந்திரங்கள். 1813-ல் கம்பெனியோட இந்திய வணிக ஏகபோகம் போச்சு, மான்செஸ்டர் துணி இங்கே வந்து குவிஞ்சுது. பள்ளிக்கூடத்துல நாம படிச்ச கதை இது, வேகமாத் தாண்டிடறேன். ஒண்ணு மட்டும்: எல்லாத்தையும் இயந்திரம் தலையில போட்டுடறோம். ஆனா இயந்திரத் துணி வந்து இறங்குறதுக்கு முன்னாடியே நெசவாளியோட பேரம் பேசுற பலம் ஒடைஞ்சாச்சு.

1859-ன் பதிமூணாம் சட்டம்

இந்தச் சட்டத்தைப் பத்திப் படிச்சப்போதான் இந்தப் பதிவையே எழுதணும்னு தோணுச்சு. சிப்பாய்க் கலகம் அடங்கின கையோட வந்தது, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூணு மாநகரங்களுக்காகப் போட்டு, அப்புறம் மத்த இடங்களுக்கும் விரிச்சாங்க. கைவினைஞரோ தொழிலாளியோ கூலியோ முன்பணம் வாங்கிகிட்டு வேலையை முடிக்கலைன்னா முதலாளி மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். மாஜிஸ்திரேட் ரெண்டுல ஒண்ணை உத்தரவு போடுவார்: பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லைன்னா வேலையை முடி. மீறினா மூணு மாசம் வரை கடுங்காவல்.

ரெண்டுல எதுன்னு தீர்மானிக்கிறது யாரு? முதலாளி! அவர் 'பணம் வேணாம், வேலைதான் வேணும்'னா அவ்வளவுதான்.

1700-ல் 'இந்தா உன் பணம்' என்பது நெசவாளி சொல்ற வாக்கியம். 1859-ல் அதைச் சொல்ற உரிமை சட்டப்படியே கை மாறிடுச்சு. கடன் பாக்கின்னா சிவில் வழக்குதான் முறை. வேலையை விட்டதுக்கு ஜெயில்! (என் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடோட கொள்ளுத் தாத்தா இவர்தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.)

பெரம்பூர் சங்கு

இந்தச் சட்டம் இருந்த காலத்துலதான் பின்னி நிறுவனம் பெரம்பூர்ல ஆலை கட்டுச்சு. 1870-களின் பிற்பாதியில பக்கிங்காம் மில், 1880-களின் தொடக்கத்துல கர்நாடிக் மில். 1920-ல் ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து பி அண்ட் சி. காக்கித் துணிக்குப் பேர் போன ஆலை, பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஆலை. வடசென்னையே அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சங்குக்கே தூங்கினதா சொல்வாங்க.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துச்சு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க.வும் கூட நின்னார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்றாங்க. 1920 கடைசியில ஆலையில தகராறு, கதவடைப்பு. பின்னி நேரா ஹைகோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு என்னன்னு நினைக்கிறீங்க? தொழிலாளர்களை 'ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்' வாடியா, நஷ்டஈடு கொடுக்கணும்! கோர்ட் தடையாணை போட்டுச்சு. வேலைக்குப் போகாதேன்னு சொன்னதே குற்றம்.

1921-ல் மறுபடி பெரிய வேலைநிறுத்தம், ஆகஸ்ட் கடைசியில துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. இதோட இருண்ட பக்கத்தையும் சொல்லணும். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள்ல பலர் வேலைக்குத் திரும்பினாங்க. வீட்டுல அரிசி இல்லாதவனால மாசக்கணக்குல உட்கார முடியாதே? அதுல சாதி புகுந்து புளியந்தோப்பு பத்தி எரிஞ்சுது. அக்டோபர்ல போராட்டம் தோல்வியில முடிஞ்சுது. கிளம்பிப் போற உரிமை காகிதத்துல எல்லாருக்கும் ஒண்ணா இருந்தாலும், நடைமுறையில கையில நாலு காசு இருக்கிறவனுக்குத்தான் அது உரிமை.

ஆனா அந்த வழக்கு வீண் போகலை. சங்கம் வச்சாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம்னா எப்படின்னு என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டசபையில எழுப்பின பேச்சு 1926 தொழிற்சங்கச் சட்டத்துல போய் முடிஞ்சுது. வேலைநிறுத்தத்துக்கு அழைச்சதை 'ஒப்பந்த மீறலுக்குத் தூண்டுதல்'னு சொல்லி வழக்குப் போடுறதிலிருந்து பாதுகாப்பு கிடைச்சுது. 1859 சட்டத்தை ரத்து பண்ற சட்டம் 1925-ல் வந்துச்சு. அறுபத்தி ஆறு வருஷம்!

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனா மே தினப் பூங்காவைப் பாருங்க. பழைய பேர் நேப்பியர் பூங்கா. நெசவாளிக்குன்னு போட்ட ஊர்ல இன்னைக்கு நிக்கிறது தொழிலாளர் நினைவுத் தூண். யாரும் திட்டம் போட்டு வச்சிருக்க மாட்டாங்க, ஆனா பொருத்தமாத்தான் இருக்கு.

சாயம் போனாலும் விக்கலாம்

ஆலை வந்த பிறகும் கைத்தறி சாகலை. கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. நைஜீரியாவின் கலாபாரி மக்களுக்கு அது இன்னைக்கும் பிறப்புலேருந்து இறப்பு வரை சடங்குத் துணி. 1950-களின் கடைசியில அமெரிக்காவுக்குப் போன துணிக்கு நடந்த கதையை கேப்டன் கிருஷ்ணன் நாயர் (பின்னாளில் லீலா ஓட்டல்கள் தொடங்கியவர்) சொல்லியிருக்கார். துவைச்சா சாயம் போகும்னு வாங்கினவங்களுக்கு யாரும் சொல்லலை, புகார் குவிஞ்சுது. உடனே விளம்பரக்காரங்க புகுந்து, 'சாயம் போகும், உத்தரவாதம்!'னு அதையே பெருமையா மாத்தி வித்துட்டாங்க. துவைக்கத் துவைக்கப் புது நிறமாம். ஒரு புஞ்சம் குறைஞ்சதுக்கு நெசவாளியைத் திட்டின உலகம், சாயம் போன துணியைக் காசாக்கிடுச்சு. அந்த லாபத்துல தறிக்காரர் பங்கு எவ்வளவுன்னு நீங்களே ஊகிச்சுக்குங்க.

உள்ளூர்ல கூட்டுறவு முயற்சியும் நடந்துச்சு. 1935-ல் இன்னைக்கு நாம கோ-ஆப்டெக்ஸ்னு சொல்ற சங்கம் தொடங்கினாங்க. வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்காம நெசவாளி நூல் வாங்கணும் என்பதுதான் அடிப்படை யோசனை. 1953-ல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியை அண்ணாவும் தி.மு.க.காரங்களும் தோள்ல போட்டுகிட்டுத் தெருத் தெருவா வித்தாங்க.

இன்னைக்கு யார் கிளம்ப முடியும்?

இந்தக் கதை பழசு இல்லை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகள்ல பெத்தவங்க வாங்கின முன்பணத்துக்காகப் பிள்ளைங்க கொத்தடிமையா உழைச்சதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கையா வெளியிட்டுச்சு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்!

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள்ல 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு. மூணு வருஷம் விடுதியில தங்கி வேலை செய்தா கடைசியில மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும். நடுவுல கிளம்பினா தொகை போச்சு. இதுல அட்வான்ஸே கிடையாது, பொண்ணோட சம்பளத்துல ஒரு பகுதியையே பிடிச்சு வச்சுகிட்டு அதையே கயிறாத் திரிக்கிறாங்க. திரும்பிக் கொடுத்துட்டுக் கிளம்ப அவ கையில என்ன இருக்கு? 2011 வாக்கில் வெளிநாட்டு பிராண்டுகள் வரைக்கும் இந்த விவகாரம் நாறினது.

நம்ம வீட்டுப் பக்கமே வருவோம். அசோக் நகர்லேருந்து ரங்கநாதன் தெரு ஆட்டோ தூரம். தீபாவளிக்கு நாம எல்லாரும் அங்கே இடிபடுறோம். அந்தக் கடைகள்ல வேலை செய்ற பசங்களும் பொண்ணுங்களும் பெரும்பாலும் தென் மாவட்டத்துப் பிள்ளைங்க, பலருக்குத் தங்குறதும் சாப்பாடும் கடை முதலாளி ஏற்பாடு. வேலையை விட்டா அன்னைக்கு ராத்திரி படுக்கவும் இடம் இல்லை. வசந்தபாலன் 2010-ல் எடுத்த 'அங்காடித் தெரு' பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைங்க உட்காரலாம், கடையில ஆசனம் போடணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். உட்காருறதுக்கு ஒரு சட்டம்!

1640-ல் இந்த ஊருக்குத் துணி வேணும்னு நெசவாளியை வரிவிலக்கு கொடுத்து அழைச்சாங்க. 2021-ல் அதே ஊர்ல, துணியை எடுத்துக் காட்டுற பொண்ணுக்கு நாற்காலி போட அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருக்கு. நடுவுல துணி மாறிச்சு, தறி மாறிச்சு, ஆட்சி நாலு தடவை மாறிச்சு. எந்தக் காலத்துலயும் கூலி எவ்வளவுங்கிறதைவிட, பிடிக்கலைன்னா கிளம்ப முடியுமாங்கிறதுதான் உழைக்கிறவனோட நிலைமையைச் சரியாச் சொல்லியிருக்கு. சம்பளம் அதிகமா இருந்தும் கிளம்ப முடியாதவங்க நம்ம ஆபீஸ்லயே இருக்காங்க. அவங்களுக்காவது அடுத்த வேளைச் சோறு நிச்சயம். சுமங்கலித் திட்டத்துப் பொண்ணுக்கு அதுவும் இல்லை.

அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போறப்போ துணியோட விலையைப் பேரம் பேசுங்க, தப்பில்லை. கூடவே எடுத்துக் காட்டுறவங்க பின்னால ஒரு ஸ்டூல் இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க. இல்லைன்னா வாயைத் திறந்து கேளுங்க. சட்டம் உங்க பக்கம்.

காலடிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரங்க, பின்னி மில்லுல தாத்தாவோ அப்பாவோ வேலை பார்த்தவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல எழுதுங்க. இந்தக் கதையோட மிச்சம் கோட்டைக் குறிப்புகள்ல இல்லை, உங்க வீடுகள்லதான் இருக்கு.